'பாணி' என்றால் தண்ணீர்!

திருப்பூரில் கிளினிக் வைத்திருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் பனியன் கம்பெனிகளில் சம்பளம். ஞாயிறு காலையில் கறிக்கடை, காய்கறிச் சந்தை, அப்புறம் வைத்தியர். வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்களுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் வர அந்த ஒரு நாள்தான் உண்டு.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்கு வயதுப் பையன் ஒருவனை அழைத்து வந்தார்கள். அப்பா கட்டிங், அம்மா செக்கிங். சொந்த ஊர் ஒடிசாவில் பாலேஸ்வர் பக்கம். அவர்களோடு, குடியிருக்கும் லைன் வீட்டின் சொந்தக்காரம்மாவும் வந்திருந்தார். அவர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"டாக்டருங்க, ரெண்டு மாசத்துல இது மூணாவது தடவைங்க. காய்ச்சல் விட்டு விட்டு வருது. ஒண்ணுக்குப் போறப்போ எரியுதுன்னு அழுவுறான். அதுகூடப் பரவாயில்லீங்க. பையன் ஊமையோ என்னமோன்னு ஸ்கூல்ல டீச்சரம்மா சொல்லி அனுப்பிச்சிருக்காங்க. அதான் பயமா இருக்குதுங்க."

ஊமையா? நான் பையனைப் பார்த்தேன். என் மேஜை மேல் இருந்த கல்வத்தையும் குழவியையும் காட்டி, பக்கத்தில் நின்ற அக்காவிடம் ஒரியாவில் கடகடவென்று ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். மூச்சு விடாத பேச்சு! வாய் நன்றாகத்தான் இருந்தது.

அப்பாவுக்கு எட்டு வருஷத் திருப்பூர் வாசம். தமிழ் சரளமாக வருகிறது. அவரிடம் கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வெளியே வந்தது. பள்ளியில் சேர்ந்த முதல் நாள் பையன் எழுந்து நின்று, "பரிஸ்ரா" என்று சொல்லியிருக்கிறான். ஒரியாவில் அதற்குச் சிறுநீர் என்று பொருள். டீச்சருக்குப் புரியவில்லை. பிள்ளைகள் அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அவன் மறுபடியும் சொல்ல, மறுபடியும் சிரிப்பு. கடைசியில் டவுசரிலேயே போய்விட்டான். அன்றைக்கு வாயை மூடியவன்தான். தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் 'வரும்' அல்லவா? காலை ஒன்பது மணிக்குப் போகிறவன் மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கழிவறைக்கு ஓடுகிறான்.

சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்பினேன். கிருமித் தொற்று இருந்தது. குழந்தைகள் நல மருத்துவர் ஒருவரிடம் கடிதம் கொடுத்து அனுப்பி வைத்தேன். (சித்த வைத்தியன் ஆன்டிபயாடிக் சிபாரிசு செய்யலாமா என்று கேட்காதீர்கள். சின்னக் குழந்தைக்குக் காய்ச்சலோடு நீர்த்தாரைத் தொற்று திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரகத்தில் தழும்பு விழக்கூடும். அங்கே நெருஞ்சில் கஷாயத்தை வைத்துக்கொண்டு வீம்பு பிடிக்கிறவன் நல்ல வைத்தியன் அல்ல.) நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது. நோய் வந்த காரணத்துக்கு?

அடக்கக் கூடாத பதினான்கு

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷமே எங்களுக்கு மனப்பாடம் செய்ய வைத்த பாடம் ஒன்று உண்டு. உடம்பில் தானாக எழும் வேகங்கள் பதினான்கு. தும்மல், இருமல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம், வாந்தி, மூச்சு, சிறுநீர், மலம், கண்ணீர் என்று அந்தப் பட்டியல் போகும். இவற்றை அடக்கக் கூடாது, அடக்கினால் இன்ன இன்ன நோய் வரும் என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லியிருக்கிறார்கள். கண்ணீரையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்களே, அதைப் படிக்கும்போது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இந்த முப்பது வருஷத்தில் அது வேடிக்கையாக இல்லை.

மொழி தெரியாத வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிற நான்கு வயதுக் குழந்தையை நினைத்துப் பாருங்கள். சிறுநீர் வருகிறது, கேட்கத் தெரியவில்லை. மலம், அதைவிடக் கூச்சம். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கப் பயம். பசிக்கிறது, ஆனால் டிபன் பாக்ஸைத் திறந்தால் பக்கத்தில் மூக்கைப் பொத்துகிறார்கள். அழுகை வருகிறது, அழுதால் இன்னும் சிரிப்பார்கள். பதினான்கில் ஐந்தை அந்தப் பிஞ்சு உடம்பு தினமும் ஆறு மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது! நீர்க்கடுப்பு, மலச்சிக்கல், காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி, ராத்திரி படுக்கையை நனைப்பது, சோறு வேண்டாம் என்ற அடம், இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்?

பல மாநிலத்துப் பிள்ளைகள் ஒன்றாக உட்காரும் வகுப்பில் ஒருவரை ஒருவர் மதிக்கக் கற்றுத்தர வேண்டும் என்று கல்வியாளர்கள் பேசுகிறார்கள். பெரிய பெரிய வார்த்தைகள்! நான் வைத்தியன். எனக்குத் தெரிந்தவரை அது கழிவறைக்குப் போகும் வழியிலும் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்திலும்தான் ஆரம்பிக்கிறது.

என் வீட்டுக் கதை

'நாங்கள் தமிழர், எங்கள் பிள்ளைக்கு இந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது' என்று நீங்கள் நினைக்கலாம். நான் திருநெல்வேலிக்காரன். 1995-ல் திருப்பூருக்கு வந்து கிளினிக் போட்டேன். அந்தக் காலத்தில் மதுரை, தேனி, திண்டுக்கல், நெல்லை என்று தென்மாவட்டத்து ஜனம் பஸ் பஸ்ஸாக இங்கே வந்து இறங்கியது. பனியன் ஏற்றுமதி அப்படிப் பெருகிக்கொண்டிருந்த நேரம்.

என் மகளை மூன்றரை வயதில் ஒரு நர்சரிப் பள்ளியில் சேர்த்தோம். சேர்த்த இரண்டாம் வாரம், வகுப்பில் படச் சார்ட்டைக் காட்டி இது என்ன, இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். துடைப்பம் படம் வந்தது. இவள் எங்கள் ஊர் வழக்கப்படி, "வாரியல்" என்று கத்திச் சொல்லியிருக்கிறாள். மற்ற பிள்ளைகளுக்கு அது 'சீமாறு'. ஒரே சிரிப்பு. டீச்சரும் சேர்ந்து சிரித்தார். வேண்டுமென்று சிரித்திருக்க மாட்டார், பாவம். ஆனால் மறுநாள் காலையிலிருந்து என் மகளுக்கு வயிற்றுவலி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மாந்தம் என்று நினைத்துப் பத்து நாள் ஓமத்தண்ணீர் கொடுத்தேன்! ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி வருவதில்லை என்பதை என் மனைவிதான் கவனித்துச் சொன்னாள். "ஏங்க, இது வயித்துல இருக்க வலி இல்ல, ஸ்கூல்ல இருக்க வலி" என்றாள். வைத்தியன் பெண்டாட்டிக்குத் தெரிந்தது வைத்தியனுக்குத் தெரியவில்லை.

ஒரே தமிழ்தான். ஒரே ஒரு வார்த்தைதான் வேறு. அதற்கே இந்தப் பாடு என்றால், வார்த்தை முழுவதுமே வேறாக இருக்கிற குழந்தைக்கு?

இப்போது திருப்பூர் வகுப்பறைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், அசாம், ஏன், நேபாளத்துப் பிள்ளைகள்கூட இருக்கிறார்கள். முன்பெல்லாம் பையன்கள் தனியாக வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்துவிட்டுப் போவார்கள். இப்போது குடும்பமாக வந்து லைன் வீடு பிடித்துத் தங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பவர் டேபிளிலும் ஓவர்லாக்கிலும் உட்கார்ந்திருப்பது பாதிக்குப் பாதி அவர்கள்தான் என்று கம்பெனி முதலாளிகளே சொல்லக் கேட்கிறேன். ஆள் வேண்டும் என்று கூப்பிட்டோம். ஆள் வந்தால் கூடவே குழந்தையும் வரும்தானே!

அங்கன்வாடியில் இந்தக் குழந்தைகளைச் சேர்க்க முடியுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. 1975-ல் தொடங்கிய திட்டம் அது. அந்தப் பகுதியில் வசிக்கும் குழந்தை என்றால் போதும், எந்த மாநிலம் என்ற கணக்குக் கிடையாது. ஊர் மாறி வந்தவர்களின் பதிவை இங்கே மாற்றிக்கொள்ளப் போஷன் டிராக்கர் செயலியிலேயே வசதி இருக்கிறது. ஆறு வயதுக்கு மேல் என்றால், 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டமே இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளின் சேர்க்கையை உறுதி செய்யும் பொறுப்பை உள்ளாட்சியிடம் கொடுத்திருக்கிறது. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. உங்கள் லைன் வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். பலருக்குத் தெரியாது.

பேன் எந்த ரயிலில் வந்தது?

போன வருஷம் ஒரு தாய் வந்தார். படித்தவர், நல்ல வசதியான வீடு. மகளுக்குத் தலை முழுக்கப் பேன்.

"அந்த ஹிந்திக்காரப் புள்ளைங்க பக்கத்துல உட்கார வெக்கறாங்க டாக்டர். அதான். 'அவங்ககிட்டப் போகாத, தொடாத'ன்னு பாப்பாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். ஸ்கூல்லயும் இடம் மாத்திக் கேட்டிருக்கேனுங்க."

"அம்மிணி, நீங்க சின்னப் புள்ளையா இருந்தப்போ உங்க அம்மா திண்ணையில உட்கார்ந்து பேன் பார்த்தது இல்லையா?" என்று கேட்டேன்.

"பார்ப்பாங்களே!"

"அந்தப் பேன் எந்த ரயில்ல வந்துச்சுங்க?"

கொஞ்சம் முகம் சுருங்கினார். பிறகு சிரித்துவிட்டார். நல்ல மனுஷி.

பேன் ஜாதியும் பார்க்காது, பாஷையும் பார்க்காது. தலையோடு தலை முட்டி விளையாடுகிற எல்லாப் பிள்ளைக்கும் வரும். தலையை நனைத்துவிட்டு நெருக்கமான பேன் சீப்பால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை, இரண்டு வாரம் விடாமல் வாருங்கள். வேப்பெண்ணெய் தடவி ஊறவைத்து அலசலாம். சீத்தாப்பழ விதையை அரைத்துப் போடுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. சின்னக் குழந்தைக்கு அது வேண்டவே வேண்டாம், கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகிவிடும். வகுப்பில் ஒரு குழந்தைக்கு வந்தால் எல்லாக் குழந்தைக்கும் ஒரே சமயத்தில் பார்க்க வேண்டும். ஒரு குழந்தையை மட்டும் தள்ளி உட்கார வைத்தால் பேன் போகாது. அந்தக் குழந்தையின் மனசில் வேறொன்று குடியேறிவிடும்.

அதைவிட எனக்குக் கவலை, அந்தத் தாயின் சொந்த மகளைப் பற்றி. 'அவங்களைத் தொடாதே' என்று கேட்டு வளர்கிற குழந்தை அதை ரொம்பச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

குழந்தைக்கு என்ன தெரியும் என்று நினைக்காதீர்கள்!

அமெரிக்காவில் காதரின் கின்ஸ்லர் என்ற மனவியல் ஆராய்ச்சியாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐந்தாறு மாதக் கைக்குழந்தைகூடத் தன் வீட்டு மொழியில் பேசினவரின் முகத்தைத்தான் அதிக நேரம் பார்க்கிறது. பத்து மாதக் குழந்தைக்கு இரண்டு பேர் பொம்மையை நீட்டினால், தன் மொழி பேசினவரிடமிருந்து வாங்கிக்கொள்ளப் பார்க்கிறது. ஐந்து வயதில் சிநேகிதனைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், வேற்று உச்சரிப்பில் பேசுகிற குழந்தையை விட்டுவிடுகிறது. இது கெட்ட புத்தி அல்ல, தாய் மடியின் பழக்கம். ஆனால் அதன் மேல் நாம் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1940-களில் அமெரிக்காவின் கென்னத் கிளார்க், மாமி கிளார்க் தம்பதி ஒரு பரிசோதனை செய்தார்கள். மூன்று வயது முதல் ஏழு வயது வரையிலான கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் கொடுத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். அந்தக் குழந்தைகளிலேயே பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். தன்னைப் போலிருக்கிற பொம்மையைக் கெட்டது என்று சொன்னார்கள்! பள்ளிகளில் வெள்ளையர் வேறு, கறுப்பர் வேறு என்று பிரிப்பது தவறென்று 1954-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்த ஆய்வையும் சுட்டிக்காட்டியது. வகுப்பில் 'வடக்கன்' என்று கூப்பிடப்படும் குழந்தையும் அந்தப் பொம்மை மாதிரித்தான். நாளடைவில் அவனே அம்மாவிடம் 'நீ ஸ்கூல் வாசலுக்கு வராதே' என்று சொல்ல ஆரம்பிப்பான். இங்கே அப்படிச் சொன்ன ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும்.

சரி, இதில் உங்கள் குழந்தைக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2015-ல் ஓர் ஆய்வு. நாலு முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு எதிரே ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் தட்டி. குழந்தைக்கு மூன்று பொம்மைக் கார் தெரிகிறது. பெரியவருக்கு இரண்டுதான் தெரியும், ரொம்பச் சின்னது அவருக்கு மறைவு. "சின்னக் காரை எடு" என்கிறார் அவர். அவர் பக்கத்திலிருந்து யோசிக்கிற குழந்தை நடுத்தரக் காரை எடுக்க வேண்டும். ஒரே மொழி கேட்டு வளர்ந்த பிள்ளைகளில் பாதி சரியாக எடுத்தன. இரண்டு மொழி பேசும் பிள்ளைகள் ஏறக்குறைய முக்கால்வாசிச் சரி. ஆச்சரியம் என்னவென்றால், தானே இரண்டாம் மொழி பேசத் தெரியாமல், சுற்றிலும் வேறு மொழியைக் காதால் கேட்டு வளர்ந்த பிள்ளைகளும் அதே முக்கால்வாசி! அடுத்தவர் கண்ணால் பார்க்கிற புத்தி, பக்கத்தில் இன்னொரு மொழி கேட்டாலே வளர்கிறது. ஆயிரக்கணக்கில் பீஸ் கட்டி அபாகஸும் அதுவும் இதுவும் சேர்க்கிறோம். இது இலவசமாகப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

கொங்கு மண்ணுக்கு இது புதிதும் அல்ல. பல்லடம், திருப்பூர் வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, தறியிலும் தெருவிலும் தமிழ் பேசும் நெசவாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் யாரும் கெட்டுப் போகவில்லை.

டிபன் பாக்ஸைத் திறந்தால்...

அந்த ஒரியாப் பையனிடம் பிறகு கேட்டேன், மத்தியானம் என்ன சாப்பிடுவாய் என்று. பதிலில்லை. அம்மா சொன்னாள்: டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருகிறது. கடுகெண்ணெயில் தாளித்த உருளைக்கிழங்கு. 'நாத்தம்' என்று பிள்ளைகள் எழுந்து தள்ளிப் போய்விட்டார்களாம்.

கடுகெண்ணெய் வாசனை நம் மூக்குக்குப் பழகவில்லை, அவ்வளவுதான். கேரளத்துக்காரர்கள் தேங்காயெண்ணெயில் சமைத்தால் நமக்கு ஒரு மாதிரி இருக்கும். நம் நல்லெண்ணெய் வாசனைக்கு வடக்கே மூக்கைச் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். மூக்குக்குப் பழக்கம் உண்டு, நியாயம் கிடையாது.

எண்ணெயைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், இரண்டு சமையலறைக்கும் வித்தியாசம் ரொம்பக் குறைவு. ஒடிசாவில் 'பகாள' என்று ஒன்று சாப்பிடுகிறார்கள். ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் தயிரோ வெங்காயமோ பச்சைமிளகாயோ சேர்த்து உண்பது. நம் பழைய சோறேதான்! அதற்கென்று மார்ச் 20-ல் ஒரு நாளே கொண்டாடுகிறார்கள். வங்காளத்தில் அதே சோறு 'பாந்தா பாத்'. பீகாரிகளின் 'சத்து மாவு' வறுத்த கடலையை அரைத்தது. நம் அங்கன்வாடியில் கொடுப்பதும் சத்துமாவுதான், சேர்க்கை வேறு. ஒடிசாவின் 'மாண்டியா' நம் கேழ்வரகு. குழந்தைக்கு நெற்றியோரத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்காத பாட்டி அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. என் மருந்துப் பெட்டியில் இருந்த வசம்பைப் பார்த்துவிட்டு ஒரு பீகார் பாட்டி, "பச்! பச்!" என்று சந்தோஷமாகக் கையில் எடுத்து மோந்தாள். அவர்கள் ஊரிலும் அது பிள்ளை மருந்துதான்.

பண்டிகையும் அப்படியே. ஆடி நோம்பிக்கு இங்கே மரத்தில் தூரி கட்டி ஆடுவோமில்லையா? ஒடிசாவில் ஜூன் நடுவில் 'ரஜ' பண்டிகை. மூன்று நாளும் பெண் குழந்தைகள் ஊஞ்சல் கட்டி ஆடுவார்கள்.

இதையெல்லாம் வகுப்பில் யார் சொல்கிறார்கள்? சுதந்திர தின விழாவுக்கு நம் பிள்ளை ஒன்றுக்குச் சர்தார்ஜி தலைப்பாகை, இன்னொன்றுக்கு வங்காளிச் சேலை கட்டிவிட்டு 'வேற்றுமையில் ஒற்றுமை' என்று மேடையேற்றிக் கைதட்டுகிறோம். அசல் வங்காளிக் குழந்தை கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது! சிங்கப்பூரில் 1964 ஜூலை 21-ல் நடந்த இனக் கலவரத்தை நினைவில் வைத்து, 1997-லிருந்து அதே தேதியில் பள்ளிகளில் இன நல்லிணக்க நாள் நடத்துகிறார்கள். அங்கேயும் ஒருவர் உடையை ஒருவர் அணிவது உண்டு. ஆனால் அங்கே சீனக் குழந்தையும் மலாய்க் குழந்தையும் தமிழ்க் குழந்தையும் மற்ற நாட்களிலும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். உடை மட்டும் மாற்றுவதானால் அது வெறும் மாறுவேடப் போட்டி.

நாலு வார்த்தை போதும்

எனக்குத் தெரிந்த ஓர் அங்கன்வாடியில் ஒரு ஆயா இருக்கிறார். எட்டாம் வகுப்புப் படிப்பு. வந்து சேர்ந்த வடமாநிலக் குழந்தைகளின் தாய்மார்களிடம் கேட்டு நாலைந்து வார்த்தைகளைக் கரித்துண்டால் சுவரில் எழுதி வைத்திருந்தார். தண்ணீருக்கு 'பாணி'. ஹிந்தி, ஒரியா, அசாமிய மொழி எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட அதே சொல். பசிக்கு 'பூக்'. வயிற்றுக்கு 'பேட்'. ஒண்ணுக்கு என்பதற்கு வார்த்தையே வேண்டாம் என்று விட்டார். சுண்டு விரலைத் தூக்கினால் போதும். அந்த ஜாடை நாடு முழுக்க ஒன்றுதானே! அதிலும் ஒரு சாமர்த்தியம் செய்தார் பாருங்கள். புதுக் குழந்தைக்கு மட்டும் விரல், மற்றவர்களுக்கு வாய் என்று வைக்கவில்லை. எல்லாப் பிள்ளையும் விரலைத்தான் தூக்க வேண்டும். சிரிக்கிறதுக்கு ஆளே இல்லாமல் போய்விட்டது. தவிர, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எல்லோரையும் வரிசையாகக் கழிவறைக்கு அழைத்துப் போவார், வருகிறதோ இல்லையோ. எந்த மருத்துவக் கல்லூரியில் படித்தார் அந்த ஆயா!

"மாமா"வை வைத்து அவர் ஒரு விளையாட்டும் நடத்துவார். தாயின் அண்ணன் தம்பியை நாமும் மாமா என்கிறோம், ஒடிசாவிலும் பீகாரிலும் வங்காளத்திலும் மாமாதான். 'உங்க மாமா பேரென்ன?' என்று சுற்றிவரக் கேட்பார். எல்லாக் குழந்தைக்கும் கேள்வி புரியும், எல்லாக் குழந்தைக்கும் பதில் இருக்கும். வங்காளிப் பையன் தன் அண்ணனை 'தாதா' என்று கூப்பிட, மற்றவர்கள் 'அது தாத்தாடா' என்று உருண்டு சிரித்த கதையையும் சொன்னார். அந்தச் சிரிப்பில் அவனும் சேர்ந்துகொண்டானாம். ஒரு குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதற்கும் அதோடு சேர்ந்து சிரிப்பதற்கும் உள்ள வித்தியாசம் நாலு வயதுப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும்.

பக்கத்து மாநிலத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017-ல் 'ரோஷ்ணி' என்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். வடமாநிலக் குழந்தைகளின் மொழி தெரிந்த ஆட்களைக் கொண்டு, அவர்கள் மொழியிலிருந்தே தொடங்கி மலையாளத்துக்கு அழைத்து வருவது. நம் மாநிலத்திலும் பள்ளிக் கல்வித் துறை வெளிமாநிலப் பிள்ளைகளுக்காக 'தமிழ் மொழி கற்போம்' என்று நடத்துகிறது. நல்ல காரியம். அந்தக் குழந்தை தமிழ் கற்கத்தான் வேண்டும். அதுவரைக்கும் தண்ணீர் கேட்க வேண்டுமே!

பேசாத குழந்தை எல்லாம் ஊமை அல்ல

இது முக்கியம், நிதானமாகப் படியுங்கள். புது மொழி பேசும் இடத்துக்கு வந்த சின்னக் குழந்தை சில வாரம், சில சமயம் சில மாதம்கூட வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அது நோய் அல்ல, காதால் சேமிக்கிற காலம். வீட்டில் தன் மொழியில் நன்றாகப் பேசுகிறதா என்று பெற்றோரிடம் கேளுங்கள். பேசுகிறது என்றால் பொறுத்திருங்கள். 'பேசு, பேசு' என்று எழுப்பி நிறுத்தாதீர்கள். வீட்டில் தாய்மொழியை விட்டுவிட்டுத் தமிழோ இங்கிலீஷோ மட்டும் பேசுங்கள் என்று யோசனை சொல்லும் பள்ளிகள் இருக்கின்றன. தப்பு! தாய்மொழி வேர் பிடித்த குழந்தைக்குத்தான் அடுத்த மொழி சுலபமாக வரும்.

வீட்டிலும் பேசவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, முகம் பார்க்கவில்லை, இரண்டு வயது தாண்டியும் இரண்டு சொல் சேர்த்துச் சொல்லவில்லை என்றால் எந்த மொழிக் குழந்தையாக இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. காது கேட்கும் திறனை முதலில் பார்க்க வேண்டும். 2013-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், மாவட்ட அளவில் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் அமைத்திருக்கிறார்கள், செலவில்லை. வீட்டில் வாயாடி, பள்ளியில் மட்டும் மாதக்கணக்கில் ஒரு சொல்கூட இல்லை, உடம்பு விறைத்துப் போகிறது என்றால் அதற்கும் வைத்தியம் உண்டு. மிரட்டல் அதில் சேராது.

சாப்பாட்டு மேஜையில் பேசுவது

2023 மார்ச் ஆரம்பத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. எங்கெங்கோ எடுத்த படங்களை ஒட்டி, திருப்பூர் என்று போட்டார்கள். பீகார் அரசின் அதிகாரிகள் குழுவே இங்கு வந்து தொழிலாளர்களிடம் பேசி, பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை என் கிளினிக் பாதி காலி. வந்திருந்த ஒரு தகப்பன், ஐந்து வயது மகளைக் கையை விடாமல் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். 'உங்களையெல்லாம் அடிப்பாங்களாமே' என்று வகுப்பில் ஒரு குழந்தை இவளிடம் சொன்னதாம். அந்தக் குழந்தை வன்மத்தில் சொல்லியிருக்காது. வீட்டில் டி.வி. முன்னால் பெரியவர்கள் பேசியதைக் கேட்டிருக்கும்.

என் பெரியப்பா தாராவியில் இருந்தவர். 1960-களின் கடைசியில் பம்பாயில் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளம்பிய நாட்களைச் சொல்வார். பஸ்ஸில் தமிழில் சத்தமாகப் பேசாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புவார்களாம். அதே பம்பாயில் மாநகராட்சி தமிழ் வழிப் பள்ளிகளையும் நடத்தியது. நம் ஜனம் அங்கே இரண்டையும் பார்த்திருக்கிறது.

ஆகவே அடுத்த தடவை 'இந்த வடக்கனுங்க வந்து...' என்று ஆரம்பிக்கும் முன், சோற்றைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறந்த நாளுக்கு வகுப்பில் சாக்லேட் கொடுக்கும்போது, வீட்டுக்கு அழைக்கும்போது அந்தக் குழந்தையின் பெயரையும் கேட்டுச் சேருங்கள். பெயரைச் சரியாக உச்சரிக்கவும் பழக்குங்கள். ஓர் ஆதிவாசிக் குடும்பத்துப் பையனின் பெயரைச் சொல்ல வரவில்லை என்று அவனுக்கு 'ராஜா' என்று புதுப்பெயர் வைத்த பள்ளியை எனக்குத் தெரியும். அன்பில் வைத்ததுதான். ஆனாலும் ஒருவன் பெயரை எடுத்துக்கொள்ள நமக்கு என்ன பாத்தியதை?

நான் முதலில் சொன்ன பையன் விஷயம். டீச்சரைத் திட்டி ஒரு பயனும் இல்லை, நாற்பது பிள்ளைகளை ஒற்றையாளாகச் சமாளிக்கிறவர். ஒரு சீட்டில் 'நோய்: சிறுநீர் அடக்குதல். மருந்து: சுண்டு விரல், இரண்டு மணிக்கு ஒரு தடவை, தண்ணீர், ஒரு நாளைக்கு நாலு டம்ளர், பக்கத்தில் நின்று குடிக்க வைக்கவும்' என்று மருந்துச் சீட்டு மாதிரியே எழிதிக் கொடுத்தேன். லைன் வீட்டு அம்மாவே பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் பேத்தியும் அதே வகுப்பு. பேத்தியை இவன் பக்கத்தில் உட்கார வைக்கச் சொல்லிவிட்டு வந்தார். அந்தக் குட்டி, டிபன் பாக்ஸைத் திறந்து உருளைக்கிழங்கில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, 'நல்லாத்தான் இருக்குது' என்றதாம். அதற்கப்புறம் இவன் டிபன் பாக்ஸ் காலியாக வந்தாலும், சாப்பிட்டது யார் என்று அம்மாவுக்குச் சந்தேகம்!

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சளிக்காக வந்தார்கள். நான் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்ததும் பையன் இரண்டு அடி பின்னால் போய், லைன் வீட்டு அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, அச்சு அசல் கோயமுத்தூர் ராகத்தில் சொன்னான்:

"டாக்டருங்க, எனக்கு ஊசி வேண்டாமுங்க."

நான் ஊசி போடுகிற வைத்தியனே இல்லை என்பதை அவனுக்கு விளக்க எனக்கு ஒரியா தெரியவில்லை. ஆடாதோடைக் கஷாயத்தில் தேன் கலந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்து, "பாணி" என்றான். என்னைவிட வேகமாக அந்தப் பேத்திதான் ஓடிப் போய்த் தண்ணீர் மோந்து வந்தாள்.